பழைய இரும்புக் கடைக்குப் போன கோபால்ட்-60

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்..."

திருவேங்கடம், சங்கரன்கோவில், தென்காசி பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். முன்பு சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வருகிறார்கள். ஓட்டை விழுந்த குடம், துருப்பிடித்த மண்வெட்டி, உடைந்த மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் தராசில் வைப்பார்கள். இரும்பு என்றால் இரும்பு விலை, ஈயம் என்றால் ஈய விலை. அந்தப் பொருள் முன்பு என்னவாக இருந்தது, யார் வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

ஆனால் 2010-ம் ஆண்டு டெல்லியில் ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு தொழிலாளி உயிரையே விலையாகக் கொடுத்தார். கேட்டிருக்க வேண்டியது அந்தத் தொழிலாளி அல்ல, பொருளை விற்றவர்கள்தான். விற்றதோ, இந்தியாவின் மிகப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் ஒன்று. ஆய்வகங்களில் கதிரியக்கப் பொருட்களை எப்படிக் கையாள வேண்டும், எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு இந்திய வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

மாயாபுரியில் நடந்தது என்ன?

மேற்கு டெல்லியில் இருக்கும் மாயாபுரி, பழைய இரும்பு வியாபாரத்துக்குப் பேர்போன இடம். வரிசையாகக் கடைகள். பழைய வண்டிகள், இயந்திரங்கள் எல்லாம் அங்கே பிரிக்கப்பட்டு, உலோகம் வாரியாக விற்கப்படும்.

2010 பிப்ரவரி 26 அன்று டெல்லிப் பல்கலைக்கழகம் தனக்கு வேண்டாத பழைய பொருட்களை ஏலம் விட்டது. அதில் வேதியியல் துறையில் இருந்த 'காமாசெல் 220' என்ற கருவியும் ஒன்று. கனடாவின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த அந்தக் கருவியைப் பல்கலைக்கழகம் 1968-ல் வாங்கியது. 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. 25 ஆண்டுகள் சும்மா கிடந்த பொருள், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, விற்றுவிடலாம் என்று முடிவாகிவிட்டது.

ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து அது மாயாபுரிக்கு வந்தது. அந்தக் கருவியில் கனமான ஈயக் கவசம் இருந்தது. ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. ஆகவே மார்ச் மாதத்தில் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட்-60 மூலம் பதினோரு துண்டுகளாகச் சிதறியது. எட்டுத் துண்டுகள் அந்தக் கடையிலேயே கிடந்தன. இரண்டு துண்டுகள் பக்கத்தில் இன்னொரு கடைக்குப் போயின. மிகச் சிறிய துண்டை ஒருவர் எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பர்ஸில்! பேன்ட் பாக்கெட்டில், உடம்போடு ஒட்டி!

சில நாட்களில் கடைக்காரருக்கும் அங்கே வேலை செய்தவர்களுக்கும் உடல்நிலை கெட்டது. தோல் கறுத்தது. முடி கொட்டியது. காரணம் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை மருத்துவர்களுக்குத்தான் இது கதிர்வீச்சாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. ஏப்ரல் 7-ம் தேதி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போனது. அதிகாரிகள் கருவிகளோடு மாயாபுரிக்கு வந்தபோது முள் எகிறியது. கடைகள் மூடப்பட்டு, அந்தப் பகுதி சுற்றி வளைக்கப்பட்டது.

ஏப்ரல் நடுவுக்குள் பதினோரு துண்டுகளும் மீட்கப்பட்டு, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மொத்தம் எட்டுப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு தொழிலாளி ஏப்ரல் 26 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அணு விபத்துகளை 0 முதல் 7 வரை அளக்கும் சர்வதேச அளவுகோலில் இதற்கு 4-ம் நிலை கொடுக்கப்பட்டது.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏப்ரல் மாதக் கடைசி ஆகிவிட்டது. தடம் பிடித்துப் போனால், அது பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய் விட்டது.

அந்தக் கருவி எதற்கு?

ஒரு கல்லூரியில் இவ்வளவு ஆபத்தான பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கோபால்ட்-60 இயற்கையில் கிடைப்பதில்லை. சாதாரண கோபால்ட்-59 உலோகத்தை அணு உலைக்குள் வைத்தால், அது ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு கோபால்ட்-60 ஆகிவிடும். அதிலிருந்து சக்தி மிகுந்த காமாக் கதிர்கள் வரும். புற்றுநோய் சிகிச்சை, மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, உணவுப் பொருளைப் பதப்படுத்துவது என்று அதன் பயன்கள் நிறைய. வேதியியல் ஆய்வகத்தில், கதிர் பட்டால் ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு இது வேண்டும். வேளாண் ஆய்வில், விதைகள் மேல் கதிர் பாய்ச்சி, அதிலிருந்து முளைக்கும் செடிகளில் நல்ல குணம் உள்ளதைத் தேர்ந்தெடுத்துப் புதிய ரகங்களை உருவாக்குகிறார்கள். மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இப்படிக் கதிர்வீச்சால் கிடைத்த மாற்றங்களைக் கொண்டு உருவாக்கிய டிஏஜி-24 என்ற நிலக்கடலை ரகம் நம் நாட்டு விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த ஒன்று.

ஆகவே கருவி கெட்டது அல்ல. ஈயக் கவசத்துக்குள் மூடியிருக்கும்வரை அதன் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம். ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் ஈயம் கோபால்ட்-60 கதிரைப் பாதியாகக் குறைக்கும். இன்னொரு 1.2 சென்டிமீட்டர் இருந்தால் கால் பங்கு. இப்படிப் பல மடங்கு தடிமனில் கவசம் இருந்தால் வெளியே வருவது மிகச் சொற்பம். மாயாபுரியில் நடந்தது என்னவென்றால், பாதுகாத்த ஈயத்துக்கு விலை இருந்தது, உள்ளே இருந்த ஆபத்துக்குப் பெயர் தெரியவில்லை. எது காப்பாற்றியதோ அதையே பிரித்து விற்றுவிட்டார்கள்.

தேய்மானமும் அரை ஆயுளும்

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் பழகிய பாடம். குறைந்து செல் மதிப்பு முறையில், ஒவ்வோர் ஆண்டும் மிச்சம் இருக்கும் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கழித்துக்கொண்டே போவோம். மதிப்பு குறையும், குறையும், ஆனால் முழுசாகப் பூஜ்யம் ஆகாது.

கதிரியக்கப் பொருளும் அச்சு அசல் இதே கணக்குதான். கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அதாவது அந்தக் காலத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 12.3 சதவீதத் தேய்மானம். மாயாபுரிக் கருவிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 1968 முதல் 2010 வரை 42 ஆண்டுகள். கிட்டத்தட்ட எட்டு அரை ஆயுள்கள். எட்டு முறை பாதியாக்கினால் 256-ல் ஒரு பங்கு. அதாவது வாங்கியபோது இருந்த கதிரியக்கத்தில் 0.4 சதவீதம்தான் 2010-ல் மிச்சம்.

அந்த 0.4 சதவீதம்தான் ஒரு உயிரை எடுத்தது.

இங்கேதான் கணக்குப் புத்தகத்துக்கும் இயற்பியலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. கணக்குப் புத்தகத்தில் ஒரு சொத்தின் மதிப்பு 0.4 சதவீதத்துக்கு வந்துவிட்டால் அதை நாம் மறந்துவிடலாம். எறிமதிப்பு என்ன வருமோ அதற்கு விற்றுவிட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம். ஆனால் கதிரியக்கத்தில் எவ்வளவு சதவீதம் போனது என்பது கேள்வியல்ல. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஏட்டு மதிப்பு பூஜ்யம் ஆகிவிட்டது என்பதற்காக ஆபத்தும் பூஜ்யம் ஆகிவிடாது.

உண்மையில் இது சொத்துக் கணக்கில் வரவேண்டிய பொருளே அல்ல, பொறுப்புக் கணக்கில் வரவேண்டியது. பயன்படுத்தும்வரை சொத்து. பயன்பாடு முடிந்த நாளிலிருந்து, பத்திரமாகத் திருப்பி அனுப்பவேண்டிய கடன்.

விதிகள் பிறந்த கதை

கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே அதன் ஆபத்து தெரியாது. 1896-ல் பெக்கரல் யுரேனியத்திலிருந்து கதிர் வருவதைக் கண்டார். 1898-ல் மேரி கியூரியும் பியரி கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். மேரி கியூரி பல ஆண்டுகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ரேடியத்தோடு புழங்கினார். 1934-ல் எலும்பு மஜ்ஜை புதிய ரத்தத்தை உருவாக்க முடியாமல் போகும் நோயால் இறந்தார். அவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் ஈயப் பெட்டிகளில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ரேடியம்-226-ன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். அந்த நோட்டுகள் பாதுகாப்பானவையாக ஆவதற்கு இன்னும் எத்தனையோ தலைமுறை ஆகும்.

ஆய்வகங்களில் ஐசோடோப்புகளை வைத்துத் தடம் பார்க்கும் முறையைத் தொடங்கியவர் ஹெவஸி. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் ஆய்வு செய்தபோது ஹெவஸி ஒரு விடுதியில் சாப்பிட்டு வந்தார். முந்தின நாள் மிச்ச இறைச்சியையே மறுநாளும் பரிமாறுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். விடுதிக்கார அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மிச்சம் வைத்த இறைச்சியில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாள் கழித்து மேசைக்கு வந்த உணவின் அருகில் கருவியைக் கொண்டுபோனால், அது காட்டிக்கொடுத்துவிட்டது! ஹெவஸிக்கு 1943-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று யாராவது இப்படிச் செய்தால் நோபல் பரிசு அல்ல, கைது வாரண்ட்தான் கிடைக்கும். அந்தக் காலம் அப்படி.

1928-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய மாநாட்டில்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. அதே ஆண்டில் கெய்கரும் மியூல்லரும் சேர்ந்து இன்று நாம் அறிந்த 'கெய்கர்-மியூல்லர்' குழாயை உருவாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத, மணம் இல்லாத, சத்தம் இல்லாத ஒன்றுக்கு 'டிக் டிக்' என்று ஒரு குரலைக் கொடுத்தது அந்தக் கருவி. நடுவில் ஒரு வட்டமும் மூன்று இதழ்களும் கொண்ட எச்சரிக்கைச் சின்னம் 1946-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தது.

இந்தியாவில் 1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு உள்நாட்டிலேயே ஐசோடோப்புகள் தயாராகி மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் போகத் தொடங்கின. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 1971-ல் வந்தன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது.

இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் கருவியை வாங்கியது 1968-ல். அதாவது கருவி வந்தபோது அந்த விதிகளும் இல்லை, வாரியமும் இல்லை. வாரியம் பிறந்த இரண்டு ஆண்டுகளில் கருவி ஓய்வு பெற்றுவிட்டது. மேற்பார்வை செய்பவரைவிட மேற்பார்வை செய்யப்படவேண்டிய பொருளுக்கு வயது அதிகம். பழைய பதிவேடுகளைத் தேடிப்பிடித்துப் புதிய கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கருவி நழுவிப் போயிற்று.

ஆய்வகத்தில் எப்படிக் கையாள வேண்டும்?

அடிப்படை விதிகள் மூன்றுதான். நேரம், தூரம், தடுப்பு. குறைந்த நேரம் நில், தள்ளி நில், நடுவில் தடுப்பு வை. தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர் நான்கில் ஒன்றாகும், பத்து மடங்காக்கினால் நூறில் ஒன்றாகும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அந்த பர்ஸ் எவ்வளவு பயங்கரம் என்பது புரியும்.

எல்லா ஐசோடோப்புக்கும் ஒரே தடுப்பு சரிவராது. உயிரியல் ஆய்வகங்களில் அதிகம் புழங்கிய பாஸ்பரஸ்-32 பீட்டாத் துகளை வெளியிடும். இதற்கு ஈயத்தை நேரடியாக வைத்தால், துகள் ஈயத்தில் மோதிப் புதிதாக எக்ஸ் கதிரை உண்டாக்கும். ஆகவே ஒரு சென்டிமீட்டர் தடிமனான அக்ரிலிக் பலகைதான் சரியான தடுப்பு. கனமான பொருள்தான் பாதுகாப்பு என்று நினைத்தால் இங்கே தப்பாகிவிடும். டிரிட்டியத்தின் கதிரோ காற்றில் சில மில்லிமீட்டர்தான் போகும், தோலைக்கூடத் தாண்டாது. ஆனால் உடம்புக்குள் போய்விட்டால் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும். அதனால் அதற்குத் தடுப்பைவிடச் சுத்தம்தான் முக்கியம்.

இங்கே இன்னொரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வது வேறு. வெயிலில் நின்றால் உடம்பு சுடும். நிழலுக்கு வந்துவிட்டால் வெயில் நம்மோடு வராது. ஆனால் மஞ்சள் தூள் கையில் பட்டால், போகும் இடமெல்லாம் ஒட்டும். மூடிய கோபால்ட் கருவி வெயில் மாதிரி. ஆய்வகத்தில் குப்பியில் இருக்கும் திரவ ஐசோடோப் மஞ்சள் தூள் மாதிரி. அதனால்தான் அந்த ஆய்வகங்களில் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வாயால் பிப்பெட்டை உறிஞ்சக் கூடாது என்ற விதிகள். வேலை முடிந்ததும் மேசையை ஒரு சிறு வடிதாளால் துடைத்து, அந்தத் தாளைக் கருவியில் வைத்து அளந்து பார்ப்பார்கள். டிரிட்டியம் சாதாரண கெய்கர் கருவிக்குச் சிக்காது, இந்தத் துடைப்புச் சோதனைக்குத்தான் சிக்கும்.

கழிவுக்கும் கணக்கு உண்டு. பாஸ்பரஸ்-32-க்கு அரை ஆயுள் சுமார் 14 நாள்தான். பத்து அரை ஆயுள் காத்திருந்தால், அதாவது ஐந்து மாதம் கூடப் போகாமல், ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். தேதி எழுதிப் பூட்டி வைத்திருந்து, அளந்து பார்த்து வெளியேற்றலாம். கார்பன்-14-க்கு அரை ஆயுள் 5700 ஆண்டுகளுக்கும் மேல். காத்திருந்து தீராது. கணக்கு வைத்து ஒப்படைக்கத்தான் வேண்டும்.

வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் அணிவார்கள். முன்பு ஃபிலிம் பேட்ஜ். பிறகு இந்தியாவில் கால்சியம் சல்பேட்டும் கொஞ்சம் டிஸ்புரோசியமும் சேர்ந்த சிறு வட்டத் தகடுகள் கொண்ட டி.எல்.டி. பேட்ஜ் வந்தது. கதிர் பட்டால் அந்தத் தகடு சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக வெளியிடும். ஒளியை அளந்தால் எவ்வளவு கதிர் பட்டது என்று தெரியும். இந்தியாவில் இத்துறை ஊழியர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட்.

மாயாபுரித் தொழிலாளர்கள் நெஞ்சில் பேட்ஜ் இல்லை. அவர்கள் எந்த வரம்புக்குள்ளும் வராதவர்கள்.

கண்காணிப்பு கைகொடுத்ததும் கைவிட்டதும்

கண்காணிப்பு இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. இரண்டும் பல்கலைக்கழக ஆய்வகங்கள் அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான்.

2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில், ஊழியர்கள் குடிக்கும் தண்ணீர்க் கூலரில் யாரோ டிரிட்டியம் உள்ள கனநீரைக் கலந்துவிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் குடித்தார்கள். நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் ஊழியர்களுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில் டிரிட்டியம் அதிகமாகத் தெரிந்தது. அதை வைத்துப் பிடித்துக் கூலர்வரை போனார்கள். எந்தப் பிரச்சினையும் இல்லாத நாட்களிலும் சலிக்காமல் செய்துவந்த சோதனைதான் பிரச்சினை வந்த நாளில் காப்பாற்றியது.

நம் கல்பாக்கத்தில் 2003 ஜனவரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்குள்ள மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, அதிகக் கதிரியக்கம் உள்ள கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் வந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கும் கண்காணிப்புக் கருவி இல்லை. வழக்கமான மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிருக்கு ஆளானார்கள். தேர்ந்த வல்லுநர்கள் நிறைந்த இடம்தான். ஆனால் சுவரில் ஒரு கருவி இல்லாவிட்டால், வல்லுநரும் பழைய இரும்புக் கடைத் தொழிலாளியும் ஒன்றுதான்.

மாயாபுரி தனிக் கதை அல்ல

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஒரு கருவியின் தலைப்பகுதியை எடுத்து வந்து பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே சீசியம்-137 தூள். இருட்டில் நீல ஒளி வீசியது. அழகாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். வீட்டில் வரிசையாக எல்லோருக்கும் உடம்பு முடியாமல் போனபோது, கடைக்காரரின் மனைவிக்குச் சந்தேகம் வந்து, அந்தப் பொருளைப் பையில் போட்டுப் பேருந்தில் ஏற்றிச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். விபத்து வெளியே தெரிந்ததே அதனால்தான். ஆனால் அவர் பிழைக்கவில்லை. ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 1,12,000 பேரைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. 2000-ம் ஆண்டு தாய்லாந்தின் சமுட் பிராகன் பகுதியில் இதேபோல் ஒரு பழைய கோபால்ட்-60 சிகிச்சைக் கருவி இரும்புக் கடைக்குப் போய் மூன்று பேர் இறந்தார்கள்.

2008-ல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது தெரிந்தது. அந்தப் பாகங்கள் போனது இந்தியாவிலிருந்து. எங்கோ ஒரு கதிரியக்கத் துண்டு பழைய இரும்போடு உலையில் உருகி, புது எஃகாகி, கடல் கடந்துவிட்டது. ஆக, மாயாபுரிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மணி அடித்திருந்தது.

இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான். கருவி பயன்பாட்டில் இருக்கும்போது விபத்து நடக்கவில்லை. பயன்பாடு முடிந்து, பூட்டிய அறையில் தூசி படிந்து, கதவு திறந்த பிறகுதான் நடந்தது. முதலில் அடிபட்டவர்கள் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

டெல்லிப் பல்கலைக்கழகம் கதிரியக்க மூலங்களைப் பயன்படுத்துவதற்கான அனுமதியை வாரியம் நிறுத்திவைத்தது. துணைவேந்தர் தார்மீகப் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார். விதிப்படி, ஒரு கதிரியக்க மூலத்தின் பயன்பாடு முடிந்தால் வாரியத்தின் அனுமதியோடு, அதைத் தயாரித்தவருக்கோ அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கோ திருப்பி அனுப்ப வேண்டும். ஏலம் என்ற வழியே அங்கு கிடையாது. பிறகு உரிமங்களும் மூலங்களின் இருப்பும் 'இ-லோரா' என்ற இணையவழி முறையில் பதிவாகத் தொடங்கின.

ஆனால் குறை ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதை 2012-ல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை காட்டியது. நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவு பெற்றிருந்தன என்று அது சொன்னது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் கணக்கிலேயே இல்லை! எக்ஸ்-ரே இயந்திரம் மின்சாரத்தை நிறுத்தினால் கதிரை நிறுத்திவிடும், கோபால்ட் மாதிரி அல்ல. ஆனாலும் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது எதைக் கண்காணிப்பது?

முடிவாக...

ஐசோடோப் பாதுகாப்பு என்றதும் ஈயச் சுவர், வெள்ளைக் கோட்டு, டிக் டிக் கருவி எல்லாம் நினைவுக்கு வரும். அவை எல்லாம் வேண்டும்தான். ஆனால் மாயாபுரியில் தோற்றது அவை எதுவும் இல்லை. தோற்றது ஒரு பதிவேடு. 1968-ல் வாங்கிய பொருள் ஒன்று, 1985-ல் நிறுத்தியது, உள்ளே கோபால்ட்-60 இருக்கிறது, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நான்கு வரிகள் ஒரு நோட்டில் இருந்து, ஏலப் பட்டியல் போடும் முன் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

ஆய்வாளர்கள் ஓய்வு பெறுவார்கள். துறைத் தலைவர்கள் மாறுவார்கள். அறையின் சாவி கை மாறும். கோபால்ட்டுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அது தன் கணக்கைத் தானே சரியாகப் போட்டுக்கொண்டு, 5.27 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே இருக்கும். நம் கணக்கும் அதற்கு ஈடாக நடக்க வேண்டும். பொருட்களைச் சரிபார்ப்பது, இருப்பு எடுப்பது, கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது எல்லாம் சலிப்பான குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சலிப்பான வேலையை ஒருவர் ஒழுங்காகச் செய்திருந்தால், மாயாபுரியில் ஈயத்தைப் பிரித்துக் கூலி வாங்கிய அந்தத் தொழிலாளி அன்று மாலை வழக்கம்போல வீட்டுக்குப் போயிருப்பார். அதற்கு அடுத்த நாளும் வேலைக்கு வந்திருப்பார்.